மீதி இருபத்து மூன்று சதவீதம்

என் அண்ணன் படித்த காலத்தில் ப்ராக்ஸி கொடுக்கக் குரல் மட்டும் போதும். கடைசி பெஞ்சில் குனிந்து, தொண்டையைக் கொஞ்சம் மாற்றி, ‘பிரசன்ட் சார்’ என்றால் வராதவன் வந்தவனாகிவிடுவான். நாங்கள் சேர்ந்தபோது கல்வி முன்னேறியிருந்தது. பாதிப் பாடங்கள் ஆன்லைனுக்குப் போய்விட்டன. ஒருவனுக்கு ப்ராக்ஸி கொடுக்க இப்போது அவனுடைய பாஸ்வேர்டு வேண்டும், தினம் ஒரு மணி நேரம் வேண்டும், கொஞ்சம் நடிப்பும் வேண்டும்.

கயத்தாறு தாண்டி நான்குவழிச் சாலையோரம், காற்றாலைகளுக்கு நடுவே எங்கள் கல்லூரி. பெயர் வேண்டாம். கடைசி செமஸ்டரில் எங்களுக்கு ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி: மருத்துவ மின்னணுவியல். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் இவற்றை அளக்கும் கருவிகளைப் பற்றிய பாடம். முழுக்க ஆன்லைன். நடத்தியவர் முனைவர் ஹெலன் தேவகிருபை.

நாங்கள் நான்கு பேர். நான் செண்பகராமன். உமையபார்வதி, ஒரு வரியைக் கூட விடாமல் படிப்பவள். கிளாட்வின், தூத்துக்குடிக்காரன், எந்தக் கேள்விக்கும் மூன்றாவது விடையைத் தேர்ந்தெடுப்பவன். ஐந்தரை வருடத்துக்கு முன் பிளஸ் ஒன்னில் எடுத்த முடிவு, இதுவரை மாற்றவில்லை. நான்காவது ஆள் தளவாய்சாமி.

ஜனவரி முதல் வாரம், காற்றாலைப் பராமரிப்பு வேலைக்குப் போன இடத்தில் தளவாயின் அப்பா மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா முன்பே இல்லை. கூட இருக்க அவன் ஒருவன்தான்.

போனில் கூப்பிட்டு பாஸ்வேர்டைச் சொன்னான். “ஒரு வாரம் பாத்துக்கோங்கலே. அட்டெண்டன்ஸ் போயிருச்சுன்னா வருசமே போயிரும். வருசம் போச்சுன்னா எங்க மாமா விடமாட்டாரு. படிச்சது போதும்னு மும்பைக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. அப்புறம் நான் இந்த டிகிரியை முடிக்கவே மாட்டேன்.”

“நீ அப்பாவப் பாருலே. நாங்க உன்னையப் பாத்துக்கிடுதோம்,” என்றான் கிளாட்வின்.

திங்கள், செவ்வாய் நான். புதன், வியாழன் உமையா. வெள்ளி, சனி கிளாட்வின். ப்ராக்ஸிக்கு என்று எழுதப்படாத சில சட்டங்கள் எங்கள் விடுதியில் உண்டு. எவனுக்குக் கொடுக்கிறோமோ அவனைவிட அதிகமாக மார்க் வாங்கித் தரக் கூடாது. யார் கொடுத்தது என்று யாரும் கேட்கக் கூடாது. நன்றி சொல்லக் கூடாது. இந்த மூன்றில் இரண்டாவது சட்டம்தான் பின்னால் எங்களைக் கவிழ்த்தது.

*

ஹெலன் மேடத்தின் பாடத்துக்கு ‘கவனி’ என்று ஒரு மென்பொருள் காவல். முதல் நாளே வீடியோவில் வந்து விளக்கினார்.

“வீடியோவை நீங்க எங்க நிறுத்துறீங்க, எங்க பின்னாடி போறீங்க, ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் யோசிக்கிறீங்க, எல்லாத்தையும் கவனி பாத்துக்கிட்டே இருக்கும். ரெண்டு வாரத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கற்றல் ரேகை கிடைச்சிரும். கைரேகை மாதிரிதான். ரெண்டு பேருக்கு ஒண்ணா இருக்காது. நீங்க எங்க தடுமாறுவீங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு, நாளைக்கு வர்ற பாடத்தை இன்னைக்கே உங்களுக்காக மாத்தி வச்சிரும். ஹால் டிக்கெட்டும் அந்த ரேகையை வச்சுத்தான். என் கோர்ஸ்ல இனிமே ஒரு பிள்ளையும் தவறிப் போகாது.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் கேமராவைப் பார்க்கவில்லை. நான் அந்த வீடியோவை 1.75 வேகத்தில் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தளவாயின் பெயரில் திங்கள் செவ்வாய்களில் ஒரு அவசரக்காரன் வந்தான். புதன் வியாழனில் ஒரே வரியை நான்கு முறை கேட்கும் ஒருத்தி வந்தாள். வெள்ளிக்கிழமை ஒருவன் வந்து எல்லாவற்றுக்கும் மூன்றாவது விடையை அழுத்திவிட்டு, வீடியோவை ஓடவிட்டுத் தூங்கினான். மூன்றாவது வாரம் தளவாயின் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘அன்புள்ள தளவாய்சாமி, நீங்கள் பன்முகக் கற்பவர். இந்த வாரத்தின் முன்மாதிரி மாணவர் நீங்களே.’

அன்று தளவாய் ஆஸ்பத்திரி வார்டில் அப்பாவுக்கு மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தான். நான் போனில் கூப்பிட்டு மின்னஞ்சலைப் படித்துக் காட்டினேன்.

“பன்முகம்னா?”

“மூணு மூஞ்சின்னு அர்த்தம்லே.”

போனில் அவன் சிரித்தான். பின்னால் மானிட்டரின் ‘பீப், பீப்’ கேட்டது. அவன் சிரித்ததைக் கடைசியாக நான் கேட்டது அதுதான்.

நாற்பத்தோராம் நாள் அவனுடைய அப்பா இறந்தார்.

மூன்று பேரும் ஊருக்குப் போனோம். நானும் கிளாட்வினும் சுடுகாடு வரை நடந்தோம். உமையா வீட்டு வாசலோடு நின்றுகொண்டாள். மறுநாள் திங்கட்கிழமை. என் முறை. லேப்டாப்பைத் திறந்து அவன் பெயரை அடித்தேன். ‘வணக்கம் தளவாய்சாமி, இன்று நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டது. மூடிவிட்டேன். உமையா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் தளவாயின் வருகைப்பதிவைப் பார்த்தேன். நூறு சதவீதம். உமையாதான் என்று நினைத்துக்கொண்டேன். யார் என்று கேட்கக் கூடாது என்பது சட்டம். கேட்கவில்லை.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மொட்டைத் தலையோடு தளவாய் திரும்பி வந்தான். ஐம்பத்தேழு நாட்கள். கேன்டீனில் எதிரில் உட்கார்ந்தவனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் கிளாட்வின், “உளுந்தவடை நல்லா இருக்குலே, சாப்பிடு,” என்றான். எங்கள் கேன்டீன் வரலாற்றில் யாரும் சொல்லாத வாக்கியம்.

தளவாய் போனை எடுத்துப் பாடத்தில் தன் கணக்குக்குள் நுழைய முயன்றான். ஒரு சின்னக் கேள்வித்தாள் வந்தது, வழக்கம்போல. ஐந்து கேள்வி முடித்தான். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு போனை எங்கள் பக்கம் திருப்பினான்.

‘உங்கள் கற்றல் ரேகை இந்தக் கணக்கோடு பொருந்தவில்லை. நீங்கள் தளவாய்சாமியின் நண்பராக இருக்கலாம். பிறர் கணக்கைப் பயன்படுத்துவது தண்டனைக்குரியது.’

“என்னையவே ப்ராக்ஸிங்குதுலே,” என்றான்.

ஹால் டிக்கெட் வெள்ளிக்கிழமைக்குள் எடுக்க வேண்டும். அன்று செவ்வாய்.

*

ஹெலன் மேடத்தின் அறை மூன்றாவது மாடியில். ஜன்னலில் நான்கு காற்றாலைகள் தெரியும். வெள்ளை முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். தளவாயின் மொட்டையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் கவனிப்பதெல்லாம் திரையில்தான்.

“இது அடிக்கடி நடக்கிறதுதான் தம்பி. காய்ச்சல், டென்ஷன், ரேகை கொஞ்சம் ஆடும். இருபது நிமிஷப் பாடம் ஒண்ணு போடுறேன். உக்காந்து பாருங்க. நீங்க நீங்களா இருந்தா போதும்.”

துணைக்கு வந்ததாகச் சொல்லி நான் கதவோரம் நின்றுகொண்டேன். பாடம் நோயாளி மானிட்டரைப் பற்றியது. தளவாய் ஒன்பது நிமிடம் அசையாமல் பார்த்தான். பத்தாவது நிமிடத்தில் வீடியோவில் ஒரு அலாரம் அடித்தது, வெறும் செயல்விளக்கம்தான். அவன் நாற்காலியோடு பின்னால் தள்ளிப்போய் எழுந்து நின்றுவிட்டான். கை தானாக இடதுபக்கம் போனது, அங்கே ஒரு கட்டில் இருப்பது போல. பிறகு நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு அப்படியே நின்றான்.

மேடம் தம் திரையைப் பார்த்தார். “அங்க எதுக்கு நிறுத்தினீங்க? அது முக்கியமான இடம் இல்லையே. தேவையற்ற நிறுத்தம்னு கவனி போடுது.”

“தெரியல மேடம்.”

“பதினாலு சதவீதம்தான் பொருந்துது.” கண்ணாடியைக் கழற்றினார். “தளவாய்சாமியை எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. எட்டு வாரமா தினம் பாக்குறேன். என் கோர்ஸையே அவரை வச்சுத்தான் மாத்தி எழுதிக்கிட்டு இருக்கேன். நீங்க அவரு இல்ல. நீங்க யாரு?”

தளவாய் சட்டைப் பையிலிருந்து கல்லூரி அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். அதில் முடி இருந்தது, மீசை இருந்தது, சிரிப்பும் இருந்தது. மேடம் அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டைக்குக்கூட அவனைச் சந்தேகமாக இருந்திருக்கும்.

வெளியே படிக்கட்டில் உமையாவும் கிளாட்வினும் காத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

“போய்ச் சொல்லிருவோம்,” என்றாள் உமையா.

“நாம மூணு பேரும் உள்ள போனா நாலு வருசம் போகும், இவனையும் சேத்து ஆளுக்கு ஒண்ணு,” என்றான் கிளாட்வின். “அப்பா என்னைய மீன்பிடி போட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. எனக்குக் கடல்னா வாந்தி வரும்.”

“அப்ப வராத.”

“வரலன்னா சொன்னேன்? வாந்தி வரும்னுதான சொன்னேன்.”

தளவாய் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான். அவனையும் இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனோம்.

*

ப்ராக்ஸி கொடுத்த கதையை நாங்கள் சொல்லி முடிக்கும் வரை மேடம் குறுக்கே பேசவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வயதாகிக்கொண்டே போனது.

“அப்ப நான் எட்டு வாரமா பாடம் எழுதினது யாருக்கு?”

“எங்களுக்குத்தான் மேடம்,” என்றேன். “ரொம்ப நல்லாயிருந்துச்சு.”

“வாய மூடுடா,” என்றாள் உமையா.

மேடம் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். “ஒரு கணக்கை எத்தனை பேரு பயன்படுத்துனாங்கன்னு பிரிச்சுக் காட்டச் சொல்லலாம். உங்க சொந்த ரேகை மூணும் எங்கிட்ட இருக்கு. நீங்க சொல்றது நிஜம்னு அதுல தெரிஞ்சா, பேப்பரோட பிரின்சிபால்ட்டப் போய் இந்தத் தம்பிக்கு ஹால் டிக்கெட் கேக்குறேன். உங்களை என்ன செய்யுறதுன்னு அப்புறம் யோசிப்போம்.”

ஒரு நிமிடம் ஆனது. வெளியே காற்றாலை இறக்கைகளின் நிழல் சுவரில் ஏறி இறங்கியது.

“உமையபார்வதி, முப்பத்தொண்ணு சதவீதம். செண்பகராமன், இருபத்தொம்போது. கிளாட்வின், பதினேழு.”

“பதினேழுதானா?” என்றான் கிளாட்வின். அவமானப்பட்டுவிட்டான்.

“தளவாய்சாமி, பூஜ்யம்.” மேடம் நிறுத்தினார். “எழுபத்தேழு ஆச்சு. மீதி இருபத்து மூணு யாரு?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“வேற யாருக்காவது பாஸ்வேர்டு குடுத்தீங்களா?”

“இல்ல மேடம்.”

“கடைசி ரெண்டு வாரம். நேத்து வரைக்கும். அது முழுக்க வேற ஒருத்தர்.”

உமையா என்னைப் பார்த்தாள். “திங்கக்கிழமை நீதானடா பாத்த?”

“நான் மூடிட்டேன். நீ பாத்துருப்பேன்னு நினைச்சேன்.”

“நான் கிளாட்வின்னு நினைச்சேன். எனக்கு அதைத் திறக்க மனசு வரல.”

கிளாட்வின் ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகளை எண்ண ஆரம்பித்தான். அவனும் திறக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். நாங்கள் மூவரும் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தோம்.

மேடம் அந்த இரண்டு வாரத்தின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாப் பாடமும் பார்க்கப்பட்டிருந்தது. கேள்விகளுக்கு விடை இருந்தது. சில தப்பு, பல சரி. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ‘உங்கள் கருத்து’ என்று ஒரு பெட்டி வரும். அதில் உலகத்து மாணவர்கள் எல்லோரும் ‘நன்று’ என்றுதான் எழுதுவார்கள். அந்த இரண்டு பெட்டிகளிலும் வேறு எழுதியிருந்தது.

‘இந்த வாரம் யாரும் வரவில்லை. பாடத்தை நானே பார்த்துக்கொண்டேன்.’

‘இந்த வாரமும் யாரும் வரவில்லை. அவசரமாகப் பார்ப்பவர் எங்கே? திரும்பத் திரும்பக் கேட்பவர் எங்கே? தூங்குபவர் இருந்தாலும் போதும்.’

கிளாட்வின் சிலுவை போட்டுக்கொண்டான்.

“மேடம், இது என்னது?” என்று தளவாய்தான் கேட்டான்.

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். “ஒரு கட்டம் காலியா இருந்தா கணக்கு ஓடாது தம்பி. யாராவது ரெண்டு நாள் வரலன்னா, அவங்க வந்திருந்தா எப்படிப் படிச்சிருப்பாங்கன்னு கவனி ஊகிச்சு அந்தக் கட்டத்தை நிரப்பிக்கிடும். பாடத்தைச் சரிபண்ணுறதுக்கு மட்டும்தான் அது. வருகைப்பதிவுக்கு இல்ல.”

“ஆனா வருகை நூறு காட்டுச்சே,” என்றேன்.

“ரெண்டையும் ஒரே பதிவேட்டுல வச்சிருக்கோம்.” குரல் இறங்கியது. “ஊகிச்சு நிரப்பினதுக்கு ஒரு சின்ன நட்சத்திரக் குறி போடச் சொல்லியிருந்தேன். ஆடிட் வந்தப்ப அழகா இல்லைன்னு எடுத்துட்டாங்க.”

“அப்ப அந்தக் கருத்து? அதையும் ஊகிச்சுதா?”

“மத்த பிள்ளைங்க எழுதுனதைப் பாத்துத்தான் எழுதும்.” மேடம் எதையோ தட்டித் தேடினார். மறுபடி தேடினார். “இப்படி ஒரு பிள்ளையும் எழுதினது இல்ல.”

தளவாய் அந்த வரிகளை இன்னொரு முறை படித்தான். உதடு அசைந்தது.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு,” என்றார் மேடம், யாரிடம் என்றில்லாமல். “நாலாவது பாடத்துல நின்னுட்டா. நான் அதைக் கவனிச்சது செமஸ்டர் முடிஞ்சு லிஸ்ட் வந்தப்புறம். போன் போட்டா நம்பர் இல்ல. ஊருக்குப் போனா வீடு இல்ல. அதுக்கப்புறம்தான் இதைச் செஞ்சேன். இனிமே ஒரு கட்டமும் காலியா இருக்கக் கூடாதுன்னு.”

“இவன் அம்பத்தேழு நாள் இல்ல மேடம்,” என்றாள் உமையா. “ஒரு கட்டம்கூட காலியா இல்ல.”

மேடம் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

வழி இரண்டு இருந்தது. கணக்கை அழித்தால் தளவாய் பாதியில் நின்றவன் என்று பதிவாகும், வருடம் போகும். அழிக்காமல் விட்டு, மேடம் தம் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு, அவனுக்குத் தனியாக ஹால் டிக்கெட் தரலாம். எங்கள் மூவரையும் பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுத்தால் நிரப்பிய கட்டங்களையும் எழுதிக் கொடுக்க வேண்டிவரும். அப்படி எத்தனை பேருக்கு நிரப்பியிருக்கிறது என்று அவர் எங்கள் முன்னால் எண்ணிப் பார்க்கவில்லை.

“கையெழுத்துப் போடுறேன்,” என்றார். “நிரப்புறதையும் இப்பவே நிறுத்திடுறேன். நீங்க எதுவும் பேசக் கூடாது. நானும் பேசல.” பொத்தானை அழுத்தும் முன் விரல் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு அழுத்தினார். “தளவாய், பாடத்தை எல்லாம் படிச்சிருவீங்களா? ஒரு மாசம்தான் இருக்கு.”

“படிச்சிருவேன் மேடம்.”

கிளம்பும்போது கதவருகே நின்று திரும்பினான். “மேடம், எங்க அப்பா செத்துட்டாரு.”

“அச்சோ,” என்றார் மேடம். “எப்ப?”

*

அந்த மாதம் முழுக்க அவன் படித்தான். ஆட்டம் இல்லை, பேச்சு இல்லை. நாங்கள் மூவரும் மாறி மாறிச் சொல்லிக் கொடுத்தோம். சில சமயம் என்னைப் போல அவசரமாகப் பக்கத்தைத் திருப்புவான். சில சமயம் உமையாவைப் போல ஒரே வரியை நான்கு முறை வாசிப்பான். ஒருநாள் தெரியாத கேள்விக்கு மூன்றாவது விடையை எழுதிவிட்டு விழித்தான். கிளாட்வினுக்கு அது பெருமை. நான் புத்தகத்தை மூடிவைத்தேன். இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நேரமும் உண்டு. அப்போது அவன் யாரைப் போல இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

தேர்வு காலை பத்து மணிக்கு, கம்ப்யூட்டர் லேபில். எனக்கு முன்வரிசையில், ஒரு நாற்காலி தள்ளி தளவாய். அவனுடைய திரை எனக்கு முழுதாகத் தெரியும். வேறு நாளாக இருந்தால் இதைக் கடவுளின் கருணை என்று சொல்லியிருப்பேன்.

கண்காணிப்பாளர் ஒரு வயதான லேப் அசிஸ்டென்ட். “எல்லாரும் நம்பர் போட்டு உள்ள போங்க,” என்றார். தளவாய் கையைப் பேன்ட்டில் துடைத்தான். நம்பரை அடித்தான், ஒரு இலக்கம் தப்பாகி அழித்து மறுபடி அடித்தான். பத்து மணி தாண்டி நான்கைந்து நொடி ஆகியிருக்கும்.

திரையில் ஒரு வரி வந்தது. ‘நீங்கள் ஏற்கெனவே தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.’

அதன் கீழே விடைத்தாள் திறந்தது. முதல் கேள்விக்கு எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. அவன் இரண்டு கையும் மடியில் இருந்தன.

மேடம் நிரப்புவதை நிறுத்தியது வகுப்புகளுக்கு. தேர்வும் ஒரு கட்டம்தான், பத்து மணிக்குக் காலியாக இருந்தால் கவனி அதையும் நிரப்பும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தேர்வுக்கு வராதவனுக்காக யார் கவலைப்படுவார்கள்?

நான் என் கேள்வித்தாளைப் படித்ததாக நினைவில்லை. எழுத்துகள் நிதானமாக வந்தன. எங்கேயாவது அவசரமாக ஓடும். பிறகு நின்று, எழுதிய வரியைத் திரும்ப ஒருமுறை தடவிப் பார்ப்பது போல கர்சர் பின்னால் போய் வரும். என்னை நானே முதுகுப்பக்கமிருந்து பார்ப்பது போல இருந்தது. இடதுபக்கம் திரும்பினேன். உமையாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் துப்பட்டாவை வைத்துக் கடித்திருந்தாள்.

கண்காணிப்பாளர் நடந்து வந்தார். தளவாயின் பின்னால் நின்றார். ஓடிக்கொண்டிருந்த எழுத்துகளைப் பார்த்தார், மடியிலிருந்த கைகளைப் பார்க்கவில்லை. “ம், எழுது எழுது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தளவாய் கையைத் தூக்கினால் போதும். சார், இது நான் எழுதவில்லை என்று சொன்னால் போதும். சொன்னால் முறைகேடு, விசாரணை, வருடம், மாமா, மும்பை. சொல்லாவிட்டால் டிகிரி. அவனுடைய வலது தோள் ஒருமுறை உயர்ந்ததைப் பார்த்தேன். பிறகு இறங்கியது.

ஏழாவது கேள்வியில் எழுத்து நின்றுவிட்டது.

கர்சர் மட்டும் துடித்தது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். எனக்குத் தெரிந்து எட்டு நிமிடம் அது அங்கேயே நின்றது. தப்பாகவாவது எழுதியிருக்கலாம், கிளாட்வினைப் போல எதையாவது போட்டிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. தெரியாத ஒருவன் பக்கத்து ஆளைப் பார்ப்பானே, அப்படி இருந்தது அந்தக் காத்திருப்பு.

தளவாய் மடியிலிருந்து கையை எடுத்தான். கீபோர்டில் வைத்தான். ஒரு வரி அடித்தான். கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டான்.

கர்சர் இன்னும் கொஞ்ச நேரம் அந்த வரியின் கடைசியில் நின்றது. பிறகு எட்டாவது கேள்விக்குப் போனது.

*

லேபுக்கு வெளியே செருப்புகளைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் அவனைப் பிடித்தேன்.

“ஏழாவதுல என்னலே கேள்வி?”

“மானிட்டர்ல கோடு நேரா போகுது. வயர் கழண்டிருக்கா, இல்ல நெஞ்சு நின்னுருச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்னு. ரெண்டு மார்க்.”

“பாடத்துல இல்லியே அது.”

“இல்ல. அதான் அதுக்குத் தெரியல.”

“நீ என்ன எழுதின?”

“மானிட்டரைப் பாக்காத, முதல்ல ஆளைப் பாருன்னு. நர்ஸக்கா சொல்லிக் குடுத்தது. நாலு தடவை வயர்தான் கழண்டிருந்துச்சு.” ஒரு செருப்பைப் போட்டான். “அஞ்சாவது தடவை, வயர் சரியா இருந்துச்சு.”

“அதுக்கு எதுக்குலே நீ சொல்லிக் குடுத்த?”

மற்றச் செருப்பைக் காலால் துழாவினான். “ரெண்டு வாரம் ஒத்தையில உக்காந்து எனக்காகப் படிச்சிருக்கு. நீங்ககூட வரல.”

*

முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையில் நான்கு பேரும் சேர்ந்து பார்த்தோம். உமையா எண்பத்தெட்டு. நான் அறுபத்தைந்து. கிளாட்வின் ஐம்பது, பாஸ். கடலுக்குத் தப்பித்தான். தளவாய்சாமி எண்பத்தொன்று, முதல் வகுப்பு.

“மும்பை கேன்சல்!” என்று கத்தினான் கிளாட்வின். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தளவாய் திரையை இன்னும் கீழே இழுத்துப் படித்துக்கொண்டிருந்தான். நான் எட்டிப் பார்த்தேன்.

‘கேள்வி 7: இரண்டு மதிப்பெண் நிறுத்திவைக்கப்பட்டது. இந்த விடை தேர்வரின் கற்றல் ரேகையோடு பொருந்தவில்லை. வேறொருவர் எழுதியிருக்கலாம்.’

தளவாய் டீயைக் கீழே வைத்துவிட்டு மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தைத் திறந்தான்.

“லே, என்ன பண்ணுத?” கிளாட்வின் பதறினான். “எம்பத்தொண்ணு வாங்கினவன் எவனாவது ரீவேல்யூஷன் போடுவானா? கிண்டினா எல்லாம் வெளிய வரும்லே. ரெண்டே ரெண்டு மார்க். விட்டுருலே.”

“அந்த எம்பத்தொண்ணு யாரோடதோ,” என்றான் தளவாய். “இந்த ரெண்டுதான் என்னுது.”

விண்ணப்பத்தில் முதல் கட்டம் பெயர். அவன் விரலை வைப்பதற்குள் அது தானாக நிரம்பியிருந்தது. தளவாய் அதை அழித்தான். ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தான்.